நூலகக் கிட்டங்கியில் பழைய நிலப்படம் அகப்பட்டால்

நூலகக் கிட்டங்கியிலோ, நெடுநாள் பூட்டிக்கிடந்த பீரோவிலோ பழைய நிலப்படச் சுருளும் அச்சுப்படக் கட்டும் கண்ணில் பட்டால், உடனே விரித்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அதைச் சற்று அடக்குங்கள். கிடந்த இடம், எதன் மேல் எது இருந்தது என்ற வரிசை, செருகியிருந்த துண்டுச்சீட்டு ஆகியவற்றை அசைக்கும் முன்பே படமெடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும்; யார் அளித்த நன்கொடை என்பதை ஒரு கிழிந்த உறையே காட்டிக்கொடுக்கலாம்.

கைகளைக் கழுவி உலர்த்திக்கொண்டு வெறுங்கையாலேயே எடுப்பது நல்லது, ஏனெனில் துணிக் கையுறை தொடுவுணர்வை மழுங்கடித்து, நைந்த ஓரங்களைக் கிழித்துவிடும். பேனா அருகில் வேண்டாம். விறைத்த சுருளை வலிந்து விரிக்காமல் பழந்தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள். இராமபாணப் பூச்சியோ கரையானோ தென்பட்டால், அந்தக் கட்டைத் தனியே வையுங்கள்.

அடுத்தது அடையாளம் காணுதல். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் தெரியும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அத்தடமும் போயிருக்கும். பத்து மடங்கு லென்ஸில் ஒழுங்கான புள்ளி வலை தெரிந்தால் அது பிற்கால நகல். தாள் செய்யும்போதே அதில் பதிந்து, வெளிச்சத்துக்கு எதிரே தெரியும் நீர்க்குறியில் 1801 என்றிருந்தால், அச்சு அதற்கு முந்தியதன்று என்பது மட்டுமே உறுதி. படத்தில் பொறித்த ஆண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரே தகட்டைப் பல ஆண்டுகள் கழித்தும் அச்சிடப் பயன்படுத்தினார்கள்.

ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளுள் ஒன்று தனித்தாளாகக் கிடைத்தால், மகிழ்வதற்கு முன், உங்கள் நூலகத்துத் தொகுதியிலிருந்தே அது கழன்றதா என்று, நூலகத்துக்கு வந்தவற்றைக் குறித்துவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டையும் தொகுதியின் தையலையும் பாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை.

கையால் வண்ணம் தீட்டிய நிலப்படத்தில் பச்சைக் கோட்டின் பின்புறம் பழுப்பேறியிருந்தால், தாமிரப் பச்சை தாளை அரிக்கிறது என்று பொருள். அதை மடிக்கவே கூடாது. லேமினேட் செய்துவிடலாமே என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். லேமினேஷனும் செல்லோ டேப்பும் செய்த கேட்டை எளிதில் நீக்க முடியாது. அமிலமற்ற தாளுறையில் இட்டு, தட்டையான இழுப்பறையில் கிடத்தி, பின்புற மூலையில் மென்மையான பென்சிலால் எண் எழுதி, அதே எண்ணை இருப்பிடத்துடன் அன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள்.