உபுண்டுவில் நான்கு வொர்க்ஸ்பேஸ்கள், இடம் மாறாமல்

உபுண்டு லினக்ஸில் ஜன்னல்களைப் பிரித்து வைத்துக்கொள்ள உதவும் தனித்தனித் திரைவெளிகள்தான் வொர்க்ஸ்பேஸ்கள். கட்டுரை எழுதிக்கொண்டிருப்பது மூன்றாவது வொர்க்ஸ்பேஸில். நடுவில் மெயிலை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கட்டுரை இரண்டாவதில் இருக்கும். பல நாள் இதற்குக் காரணம் புரியாமல் தேடியிருக்கிறேன்.

காரணம் இதுதான். உபுண்டுவில் நாம் பார்க்கும் க்னோம் மேசைத்தளத்தின் இயல்பான அமைப்பில் வொர்க்ஸ்பேஸ்கள் தேவைக்கேற்பத் தோன்றி மறையும். நடுவில் ஒன்று காலியானால் அது மறைந்துவிடும். பின்னால் இருப்பவை ஒவ்வோர் இடம் முன்னால் நகரும். கைக்கு இடம் பழகவே பழகாது. அதனால் எண்ணிக்கையை நிலையாக்குவதுதான் முதல் வேலை.

1. செட்டிங்ஸில் மல்டிடாஸ்கிங் பக்கம் போய் ‘ஃபிக்ஸ்டு நம்பர் ஆஃப் வொர்க்ஸ்பேஸஸ்’ என்பதைத் தேர்ந்து 4 என்று வையுங்கள். இது உபுண்டு 22.04-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும். 20.04-இல் இந்தப் பக்கம் கிடையாது. க்னோம் ட்வீக்ஸ் என்ற செயலியை நிறுவி அதில் மாற்ற வேண்டும்.

2. எது எங்கே என்று முடிவு செய்யுங்கள். எனக்கு 1 இணையம், 2 எழுத்து, 3 மெயிலும் அரட்டையும், 4 திடீர் வேலைகளுக்கு. செயலியை வைத்துப் பிரிக்காமல் வேலையை வைத்துப் பிரியுங்கள். எழுத்துக்குத் தேவையான பிரௌசர் ஜன்னல் எழுத்தோடுதான் இருக்க வேண்டும். ‘ஆட்டோ மூவ் விண்டோஸ்’ என்ற க்னோம் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) பலர் சொல்வார்கள். அது ஒரு செயலியின் ஜன்னல்களை எல்லாம் ஒரே இடத்துக்கு அனுப்பிவிடும் என்பதால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

3. இனி குறுக்குவிசைகள். செட்டிங்ஸ், கீபோர்டு, அதில் நேவிகேஷன். ‘ஸ்விட்ச் டு வொர்க்ஸ்பேஸ் 1’ என்பதற்கு சூப்பர்+1 (சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் உள்ள விசை), இப்படியே நான்குக்கும். ஜன்னலை நகர்த்த சூப்பர்+ஷிஃப்ட்+1 முதல் 4 வரை.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எல்லாம் சரியாகப் பதிந்திருந்தும், சூப்பர்+1 அழுத்தினால் டாக்கில் (செயலிச் சின்னங்கள் வரிசையாக இருக்கும் பட்டையில்) உள்ள முதல் செயலி திறந்தது. அந்த விசைகள் ஏற்கெனவே வேறு இரண்டு இடங்களில் பதிவாகியிருக்கின்றன. இரண்டையும் விடுவிக்க வேண்டும். செட்டிங்ஸில் தெரியாத அமைப்புகளையும் மாற்ற உதவும் டிகான்ஃப் எடிட்டரை நிறுவித் திறந்து, ஆர்க், க்னோம், ஷெல், எக்ஸ்டென்ஷன்ஸ், டேஷ்-டு-டாக் என்று உள்ளே போய் ‘ஹாட்-கீஸ்’ என்பதை அணையுங்கள். அப்புறம் ஷெல்லுக்குத் திரும்பி, கீபைண்டிங்ஸில் ‘ஸ்விட்ச்-டு-அப்ளிகேஷன்-1’ முதல் 4 வரை ஒவ்வொன்றிலும் இயல்பு மதிப்பை நீக்கிவிட்டு [] என்று மட்டும் கொடுங்கள். இடையில் எதையும் எழுதக் கூடாது. முதலில் ஒன்றை மட்டும் விடுவித்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். இரண்டும் அவசியம்.

4. மறுபடி மல்டிடாஸ்கிங் பக்கத்தில், செயலி மாற்றத்தை நடப்பு வொர்க்ஸ்பேஸுக்கு மட்டும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஆல்ட்+டேப் எல்லாவற்றையும் கலந்து காட்டும், பிரித்ததற்குப் பயனே இருக்காது.

பழைய குறிப்புகளில் கன்ட்ரோல்+ஆல்ட் உடன் மேல், கீழ் அம்பு என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 2021-இல் வந்த க்னோம் 40-இலிருந்து வொர்க்ஸ்பேஸ்கள் பக்கவாட்டில் அமைந்துவிட்டன. இப்போது இடது, வலது அம்புகள்.

பின்சேர்க்கை: இரண்டு மானிட்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஒரு திரை மட்டும்தான் மாறுகிறது என்று எழுதியிருந்தார். இயல்பு அமைப்பே அப்படித்தான், முதன்மைத் திரை மட்டும் மாறும். இரண்டும் சேர்ந்து மாற வேண்டுமானால் அதே மல்டிடாஸ்கிங் பக்கத்தில் ‘ஆல் டிஸ்பிளேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் மாற்றவில்லை. எந்த வொர்க்ஸ்பேஸுக்குப் போனாலும் அகராதி இரண்டாவது திரையில் அப்படியே நிற்பது எனக்கு வசதியாக இருக்கிறது.