சிஃபிட்ஸ்ஐஓ லைப்ரரியை சோர்ஸிலிருந்து ஏற்றுவது எப்படி

முதலில், வானியல் ஃபைல்களைப் படிக்கும் இந்த லைப்ரரியை சோர்ஸ் கோடிலிருந்து நீங்களே கம்பைல் செய்து ஏற்றும் வேலை உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். பைத்தானில் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் பேக்கேஜை வைத்து நாலு படம் திறந்து கிராஃப் போட்டால் போதும் என்றால், இந்தப் பக்கமே வர வேண்டாம். சொந்த உபுண்டு லேப்டாப், சூடோ (அட்மின் உரிமை) பாஸ்வேர்டு உங்கள் கையில், வெர்ஷன் எதுவானாலும் பரவாயில்லை என்றால், ஆப்ட் என்ற இன்ஸ்டால் கமாண்டு மூலம் ஒரே வரியில் முடிந்துவிடும். சோர்ஸிலிருந்து ஏற்ற வேண்டியது யார்? கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் சூடோ கிடைக்காதவர்கள், புது வெர்ஷன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வேறொரு சாஃப்ட்வேரிடம் மாட்டியவர்கள்.

தண்டையார்பேட்டையில் என் பிரவுசிங் சென்டருக்கு வரும் இயற்பியல் மாணவர்கள் பெரும்பாலும் சூடோ கிடைக்காத ரகம். 2015 செப்டம்பரில் இஸ்ரோ ஏவிய வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டின் டேட்டாவை புராஜெக்டுக்காக இறக்கியிருப்பார்கள். "அண்ணா, மேக் இன்ஸ்டால் அடிச்சா பெர்மிஷன் டினைடுன்னு வருது" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கமாண்டுகளைப் போனில் சொல்வதுபோல உச்சரிப்பிலேயே தருகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வந்தால் சொல்லிவிடுவேன்.

ஃபிட்ஸ் என்பது வானியல் டேட்டாவுக்கான ஃபைல் வடிவம். 1981-இல் கட்டுரையாக வந்து, அடுத்த வருடமே சர்வதேச வானியல் ஒன்றியத்தின் ஒப்புதலையும் வாங்கியது. அதைப் படிக்கவும் எழுதவும் சி மொழியில் உள்ள லைப்ரரிதான் சிஃபிட்ஸ்ஐஓ. நாசாவின் காடர்ட் மையத்தில் இருக்கும் ஹீசார்க் என்ற வானியல் டேட்டா காப்பகம் இதைப் பராமரிக்கிறது. டார் ஃபைலை அவர்கள் தளத்திலிருந்தே இறக்குங்கள். சில எம்பிதான், போன் ஹாட்ஸ்பாட்டிலேயே வந்துவிடும்.

இறக்கியதை எங்கே பிரிப்பது என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பென் டிரைவில் வைத்து கம்பைல் பண்ணாதீர்கள். பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட் வடிவத்தில் இருக்கும். அதில் ஃபைலுக்கு இயக்க அனுமதி தனியாக நிற்காது, சிம்பாலிக் லிங்க்கும் போட முடியாது. லைப்ரரி ஏற்றும்போது இரண்டுமே வேண்டும். அதேபோல "நியூ ஃபோல்டர்" என்று நடுவில் இடைவெளி உள்ள பெயர் ஃபோல்டர் பாதையில் எங்குமே வேண்டாம். ஹோம் டைரக்டரியில் நேராக வைத்து, டார் எக்ஸ் இசட் எஃப் போட்டு பிரியுங்கள்.

அடுத்து தேவையான சாமான்கள். ஜிசிசி (சி கம்பைலர்), மேக் (கம்பைல் வேலையை வரிசையாக ஓட்டும் கருவி) இரண்டும் இருக்கின்றனவா என்று இரண்டு ஹைஃபன் வெர்ஷன் போட்டுப் பாருங்கள். சிஃபிட்ஸ்ஐஓவின் நாலாவது வெர்ஷன் முதல் இசட்லிப் (டேட்டாவைச் சுருக்கும் லைப்ரரி) உடன் வருவதில்லை, சிஸ்டத்தில் இருப்பதைத்தான் தேடும். சொந்த மெஷினில் அதன் பேக்கேஜ் பெயரை அடிக்கும்போது, லிப்புக்கு அடுத்து வருவது எண் ஒன்று, அப்புறம் ஜி, பிறகு ஹைஃபன் டெவ். ஒன்றுக்குப் பதில் எல் அடித்துவிட்டு "பேக்கேஜே இல்லையாம்" என்று திரும்பி வருபவர்கள் உண்டு. லேப் மெஷினில் இசட்லிப் இல்லையென்றால் அதையும் சோர்ஸிலிருந்து, கீழே சொல்லும் அதே முறையில், அதே ஆஸ்ட்ரோ ஃபோல்டருக்குள் முதலில் ஏற்றிவிடுங்கள். லிப்கர்ல் என்ற இணைய லைப்ரரி இருந்தால் இணைய முகவரியிலிருந்தே ஃபைலைத் திறக்கலாம். இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இப்போது பிரித்த ஃபோல்டருக்குள் போய், டாட் ஸ்லாஷ் கன்ஃபிகர், இடைவெளி, இரண்டு ஹைஃபன் ப்ரிஃபிக்ஸ் ஈக்வல் டாலர் ஹோம் ஸ்லாஷ் ஆஸ்ட்ரோ. ஹோம் மட்டும் பெரிய எழுத்து. பெர்மிஷன் டினைடுக்கு மருந்தே இந்த ப்ரிஃபிக்ஸ்தான். லைப்ரரி யூஎஸ்ஆர் லோக்கல் மாதிரி சிஸ்டம் ஃபோல்டருக்குள் போகப் பார்த்தால், அங்கே உங்களுக்கு எழுத உரிமை கிடையாது. பல த்ரெட்களில் ஒரே நேரம் ஃபைல் படிக்கும் புரோகிராம் எழுதப்போகிறீர்கள் என்றால் இரண்டு ஹைஃபன் எனேபிள் ஹைஃபன் ரீஎன்ட்ரன்ட் என்பதையும் சேர்த்துவிடுங்கள். சூடோ இருந்தாலும் நான் ஹோமுக்குள்தான் ஏற்றச் சொல்வேன். பிடிக்காவிட்டால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போயிற்று.

பிறகு மேக். பழைய லேப்டாப்பிலும் டீ குடித்து வருவதற்குள் முடியும். வார்னிங்குகள் ஓடினால் விட்டுவிடுங்கள், எரர் என்று நின்றால் மட்டும் பாருங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது; பேட்டரி செத்த லேப்டாப்பில் பாதி கம்பைலில் நின்றுபோனால், திரும்ப மேக் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்தான். ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் ஃபைல் அரைகுறையாகக் கிடக்கும். மேக் அதை முடிந்த கணக்கில் எடுத்துக்கொள்ளும், கடைசியில் லிங்க்கர் "ஃபைல் ட்ரங்கேட்டட்" என்று கத்தும். மேக் க்ளீன் அடித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள்.

இன்ஸ்டாலுக்கு முன் ஒரு சோதனை உண்டு, எல்லோரும் தாண்டிப் போவது இதைத்தான். மேக் டெஸ்ட்ப்ராக் என்று அடித்தால் சின்ன புரோகிராம் ஒன்று உருவாகும். அதை ஓட்டி, வருவதை டெஸ்ட்ப்ராக் டாட் லிஸ் என்ற ஃபைலுக்குள் அனுப்புங்கள். கூடவே வரும் டெஸ்ட்ப்ராக் டாட் அவுட் என்ற ஃபைலோடு டிஃப் போட்டு ஒப்பிடுங்கள். அது உருவாக்கிய டாட் ஃபிட் ஃபைலை டாட் எஸ்டிடி ஃபைலோடு சிஎம்பி போடுங்கள். இரண்டுமே வாய் திறக்காமல் இருந்தால் எல்லாம் சரி.

மேக் இன்ஸ்டால் ஆனதும் ஆஸ்ட்ரோ ஃபோல்டருக்குள் லிப், இன்க்ளூட் என்று பிரிந்து உட்கார்ந்திருக்கும். சிஸ்டத்துக்கு அது தெரிய வேண்டும். ஹோமில் இருக்கும், டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் டாட் பேஷ்ஆர்சி ஃபைலின் கடைசியில் இரண்டு எக்ஸ்போர்ட் வரிகள் சேருங்கள். எல்டி அண்டர்ஸ்கோர் லைப்ரரி அண்டர்ஸ்கோர் பாத், முழுக்கப் பெரிய எழுத்து, அதன் முன்பக்கம் உங்கள் லிப் ஃபோல்டர். பிகேஜி அண்டர்ஸ்கோர் கன்ஃபிக் அண்டர்ஸ்கோர் பாத், அதுவும் பெரிய எழுத்து, அதற்கு லிப்புக்குள் இருக்கும் பிகேஜிகன்ஃபிக் ஃபோல்டர். புது டெர்மினல் திறந்து, பிகேஜி ஹைஃபன் கன்ஃபிக் இரண்டு ஹைஃபன் மாட்வெர்ஷன் சிஃபிட்ஸ்ஐஓ என்று கேளுங்கள். நீங்கள் இறக்கிய வெர்ஷன் எண் வர வேண்டும்.

வேறு எண் வந்தால், மெஷினில் ஏற்கெனவே இன்னொரு சிஃபிட்ஸ்ஐஓ குடியிருக்கிறது. கோண்டா (பைத்தான் பேக்கேஜ்களை ஏற்றும் கருவி) போட்டவர்களுக்கு இது அநேகமாக நடக்கும். ஒரு தலைப்பு ஃபைலைப் பார்த்து கம்பைல் ஆகி, வேறொரு லைப்ரரியோடு ஓடினால், சோநேம் (லைப்ரரியின் வெர்ஷன் அடையாளம்) பொருந்தவில்லை என்று நீளமாக ஒரு எரர் வரும். வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் குழப்பத்தில் பார்சல் எதிர்வீட்டுக்குப் போகும் கதைதான். உங்கள் புரோகிராமின் மேல், அது எந்த லைப்ரரியை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கமாண்டைப் போட்டு, சிஃபிட்ஸ்ஐஓ வரியில் எந்தப் பாதை காட்டுகிறது என்று பாருங்கள். ஹோமுக்குள் ஆஸ்ட்ரோ என்று இல்லையென்றால் கோண்டாவை டீஆக்டிவேட் செய்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஜிசிசி வரியில் ஹைஃபன் எல் சிஃபிட்ஸ்ஐஓ என்பது உங்கள் டாட் சி ஃபைலுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று வரிசையாகக் கொட்டலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஃபைல் திறக்கவில்லையா? லைப்ரரியைத் திட்டுவதற்கு முன் ஃபைலைச் சோதியுங்கள். ஃபிட்ஸ் முழுக்க 2880 பைட் கட்டங்களாகத்தான் இருக்கும். காந்த நாடாவில் டேட்டா ஊர் விட்டு ஊர் போன காலத்தில், அன்றிருந்த விதவிதமான கம்ப்யூட்டர்களின் வேர்ட் நீளங்களுக்கெல்லாம் மீதியில்லாமல் வகுபடட்டும் என்று எடுத்த எண் அது. ஆகவே, சுருக்கப்படாத ஃபைலின் அளவை 2880-ஆல் வகுங்கள். மீதி வந்தால் டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மீதி வரவில்லை என்றால், ஹெட் ஹைஃபன் சி 2880, ஃபைல் பெயர், பைப் குறி, ஃபோல்ட் ஹைஃபன் டபிள்யூ 80 என்று அடியுங்கள். 80 எழுத்து நீளத்தில் 36 வரிகள் இறங்கும். முதல் வரியில் சிம்பிள், ஈக்வல், கொஞ்சம் தள்ளி டி. அடுத்தது பிட்பிக்ஸ், அதற்கடுத்து நாக்சிஸ். இந்த வரிசை மாறாது. அதற்குப் பதில் எச்டிஎம்எல் என்று ஏதாவது தெரிந்தால், நீங்கள் இறக்கியது டேட்டா இல்லை, லாகின் பக்கம்.

எல்லாம் ஓடியபின் பிரித்த சோர்ஸ் ஃபோல்டரை அழித்துவிடலாம். அதிலிருக்கும் கன்ஃபிக் டாட் லாக் ஃபைலை மட்டும் ஆஸ்ட்ரோவுக்குள் நகல் எடுத்து வையுங்கள். நீங்கள் என்ன ஆப்ஷன் கொடுத்து கன்ஃபிகர் ஓட்டினீர்கள் என்பது அதன் மேல்பகுதியிலேயே இருக்கும். அடுத்த வெர்ஷன் வரும்போது அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டினால் போதும்.