விண்டோஸில் பிஎச்பி: ஸாம்ப் நிறுவி டேட்டாபேஸ் இணைக்கும் வரை

பிஎச்பி கோப்பை டபுள் கிளிக் செய்தால் பக்கம் வராது. பிரௌசருக்கு எச்டிஎம்எல்தான் தெரியும். நடுவில் மூன்று வேலையாட்கள் வேண்டும்: கேட்பதை வாங்கிக்கொள்ளும் அப்பாச்சி, நிரலை ஓட்டி எச்டிஎம்எல் ஆக்கித் தரும் பிஎச்பி, தரவைக் காக்கும் மரியாடிபி. ஸாம்ப் (எழுத்தில் எக்ஸ், ஏ, எம், பி, பி) இந்த மூன்றையும் ஒரே இன்ஸ்டாலரில் தருகிறது. ஏதாவது ஓடவில்லை என்றால், மூன்றில் எது நின்றது என்று பார்க்காமல் மொத்தத்தையும் அழித்து மறுபடி நிறுவாதீர்கள். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள்.

படி 1: நிறுவுதல்

உங்கள் செயலி கடைசியில் எந்த சர்வரில் ஓடப்போகிறதோ, அங்குள்ள பிஎச்பி பதிப்பையே இறக்குங்கள். பிஎச்பி 8.0-இல் வந்த 'மேட்ச்' (பல வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை) புதிய பதிப்புள்ள உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடும்; 7.4 உள்ள சர்வரில் சிண்டாக்ஸ் பிழையாகி நிற்கும்.

இன்ஸ்டாலர் காட்டும் இடத்தை, அதாவது சி டிரைவில் நேரடியாக ஸாம்ப் ஃபோல்டர் என்பதை, மாற்ற வேண்டாம். புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே வைத்தால் கோப்புகளை எழுத விண்டோஸ் அனுமதி மறுக்கும். அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி, பிஎச்பிமைஅட்மின் (டேட்டாபேஸைப் பிரௌசரிலேயே கையாளும் கருவி) போதும். ஃபைல்ஜில்லா, மெர்குரி, டாம்கேட் டிக்கை எடுத்துவிடலாம். பெயர் மைஎஸ்க்யூஎல் என்று இருந்தாலும் உள்ளே இருப்பது மரியாடிபிதான்.

படி 2: அப்பாச்சி

ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சிக்கு நேரே 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். பெயர் பச்சையாகி 80, 443 என்ற போர்ட் எண்கள் (கணினிக்குள் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்கள்) தெரிய வேண்டும். பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும் முகவரி) என்று அடித்தால் வரவேற்புப் பக்கம் வரும்.

பச்சையாகி உடனே அணைந்தால், பெரும்பாலும் வேறொரு புரோகிராம் 80-ஐப் பிடித்திருக்கிறது. 'நெட்ஸ்டாட்' பட்டனை அழுத்தினால் யார் என்று தெரியும். 'சிஸ்டம்' என்று காட்டினால் விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். வேண்டாமென்றால் சர்வீசஸில் போய் நிறுத்தலாம். வேண்டும் என்றால் அப்பாச்சியை நகர்த்துங்கள்: 'கான்ஃபிக்' பட்டனில் அப்பாச்சியின் அமைப்புக் கோப்பான எச்டிடிபிடியைத் திறந்து, 'லிசன்' வரியிலும் 'சர்வர்நேம்' வரியிலும் 80-ஐ 8080 ஆக்குங்கள். அதன்பின் முகவரி லோக்கல்ஹோஸ்ட்:8080. இதைச் சேர்க்க மறந்துவிட்டு அப்பாச்சியைக் குறைசொல்வது சகஜம். 443-க்கான வரி தனியாக, பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் கோப்பில் இருக்கிறது.

படி 3: பிஎச்பி

ஸாம்ப் ஃபோல்டருக்குள் எச்டிடாக்ஸ் இருக்கும். அதற்குள் உங்கள் செயலிக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். அதில் இன்டெக்ஸ் டாட் பிஎச்பி கோப்பை உருவாக்கி, பிஎச்பி டேகுக்குள் பிஎச்பிஇன்ஃபோ ஃபங்ஷனை அழைக்கும் ஒரே வரியை எழுதி, லோக்கல்ஹோஸ்ட், சாய்கோடு, ஃபோல்டர் பெயர் என்று திறங்கள்.

நீண்ட அட்டவணை வந்தால் பிஎச்பி ஓடுகிறது. எழுதிய நிரலே அப்படியே தெரிந்தால் முகவரிப் பட்டையைப் பாருங்கள்: 'ஃபைல்' என்று தொடங்கினால் நீங்கள் அப்பாச்சி வழியாக வரவில்லை. கோப்பே கிடைக்கவில்லை என்றால் நோட்பேட் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்சிகளைக் காட்டும்படி வையுங்கள்.

அட்டவணையில் 'லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்ற வரி, எந்த பிஎச்பி டாட் ஐஎன்ஐ (பிஎச்பியின் அமைப்புக் கோப்பு) பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும். அதில் 'டிஸ்ப்ளே எரர்ஸ்' ஆன் ஆக இருக்கட்டும். நேர மண்டலம் பெர்லின் என்று இருக்கும், உங்களுடையதாக மாற்றுங்கள். வரியின் முன்னால் அரைப்புள்ளி இருந்தால் அந்த வரி செல்லாது. மாற்றியபின் அப்பாச்சியை நிறுத்தித் தொடங்குங்கள். பிஎச்பி அதற்குள்ளேயே ஓடுவதால், புதிய அமைப்பை அப்போதுதான் படிக்கும்.

படி 4: டேட்டாபேஸ்

மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்கினால் 3306 தெரியும். 'அட்மின்' அழுத்திப் பிஎச்பிமைஅட்மினில் புது டேட்டாபேஸ் உருவாக்குங்கள். கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) யுடிஎஃப்8எம்பி4 வகையாக இருக்க வேண்டும். பிஎச்பி நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் பிடிஓவின் இணைப்பு வரியிலும் சார்செட் (எழுத்துக் குறியீட்டு முறை) அதுவே. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் தமிழ் எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடலாம். அந்த வரியில் பயனர் பெயர் 'ரூட்', பாஸ்வேர்ட் காலி. இது உங்கள் கணினியில் மட்டும் சரி. இந்த அமைப்போடு இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

இணைப்பு மறுத்தால் பிழை எண்ணைப் படியுங்கள். 2002 என்றால் டேட்டாபேஸ் சர்வர் ஓடவில்லை, அல்லது போர்ட் தவறு. 1045 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 1049 என்றால் அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. எண் இல்லாமல் 'டிரைவர் கிடைக்கவில்லை' என்று வந்தால் ஐஎன்ஐ கோப்பில் பிடிஓ மைஎஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷன் வரியின் அரைப்புள்ளியை எடுங்கள்.

'ஸ்டாப்' அழுத்தாமல் கணினியை அணைத்தால், மறுநாள் மைஎஸ்க்யூஎல் எழாமல் போகலாம். அப்போது 'லாக்ஸ்' பட்டனில் எரர் லாகின் கடைசி வரிகளைப் பாருங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் டேட்டா ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். அதிலுள்ள ஐபிடேட்டா1 கோப்பை அழித்தால் சரியாகும் என்ற அறிவுரையை நம்பாதீர்கள்: டேபிள்களின் விவரம் அதில்தான் இருக்கிறது, அது போனால் டேபிள்களைத் திறக்க முடியாது. வாரம் ஒருமுறை பிஎச்பிமைஅட்மினில் 'எக்ஸ்போர்ட்' செய்து வைத்திருந்தால் இந்தப் பயமே இல்லை.