லிண்டோஸ் போனால் முதலில் மலை, அப்புறம் கடல்

கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் லிண்டோஸ் பார்க்கப் போகிறீர்களா? வெயில் ஏறும் முன்பே கோட்டைக்கு ஏறிவிடுங்கள். உயரம் 116 மீட்டர்தான், ஆனால் மேலே நிழலே கிடையாது. படிக்கற்கள் பலர் கால் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கும். ரப்பர் அடி போட்ட ஷூ அவசியம். கழுதைச் சவாரிக்குக் கூப்பிடுவார்கள், பாவம் அவை, நடந்தே போங்கள்.

பெரிய படிக்கட்டுக்குக் கீழே சற்று நில்லுங்கள். பாறையிலேயே செதுக்கிய போர்க்கப்பலின் பின்பகுதி, கி.மு. 2ஆம் நூற்றாண்டு வேலை. அவசரத்தில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உச்சியில் கிரேக்கப் பெண் தெய்வம் அதீனாவின் கோயில் தூண்கள். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் புனித பவுல் விரிகுடா. நீந்த அங்கே இறங்குங்கள். ஊருக்குள் கார் வராது, வெள்ளைச் சுவர்ச் சந்துகளில் நடைதான்.