பழைய மாருதி 800-க்கு சஸ்பென்ஷன்: வீட்டு வாசலிலேயே மாற்றுவது எப்படி

எங்கள் வேலூரில், காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ நாலு தெரு நடந்தால் தார்ப்பாய் போர்த்திய ஒரு மாருதி 800 கண்ணில் படாமல் போகாது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. எடை குறைவு, எல்லாம் ஸ்பேனருக்கு எட்டும், பார்ட்ஸ் இன்னும் கிடைக்கிறது. வீட்டில் வைத்துப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரியவில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆன மறுநாளே பெயின்டுக்கும் அலாய் வீலுக்கும் ஓடுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் காசில் ஒரு பங்கை முதலில் ரப்பர் புஷ்ஷுக்கும் (இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) ஷாக் அப்சார்பருக்கும் ஒதுக்குங்கள்.

1986-க்குப் பிறகு வந்த மாடலை வைத்து எழுதுகிறேன். முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும். கீழே லோயர் ஆர்ம், அதாவது வீலை பாடியோடு இணைக்கும் கை. அதன் நுனியில் பால் ஜாயின்ட், எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு. குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் பாருக்கு இந்த வண்டியில் இரண்டு வேலை. வளைவில் பாடி சாயாமல் பிடிப்பது ஒன்று, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது இன்னொன்று. அதனால் அந்த பார் புஷ் தேய்ந்தால் பிரேக் அடிக்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஷாக் போய்விட்டது என்று நினைத்துப் பலர் ஷாக்கை மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று விழிப்பது இதனால்தான்.

முதலில் நோய் என்னவென்று பாருங்கள்

சமமான தரையில் நிறுத்தி, வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடமும் வலமும் நன்றாக வித்தியாசப்பட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது அதன் நுனி உடைந்திருக்கும். அப்புறம் டார்ச் அடித்து ஷாக் தண்டைப் பாருங்கள். எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தால் அது முடிந்த கதை. ஒரு மூலையை அமுக்கிவிட்டால் வண்டி ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும், ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது. ஆனால் இந்தச் சோதனையில் தேறுகிற ஷாக்கும் ரோட்டில் சொதப்பும், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

புஷ்களைக் கடப்பாரையால் லேசாக நெம்பிப் பாருங்கள். வருஷக்கணக்கில் நம் ஊர் வெயிலில் நின்ற வண்டியில் ரப்பர் கல்லாகி வெடித்திருக்கும். ஓடாத வண்டிதானே, தேய்மானம் இருக்காது என்று கணக்குப் போடாதீர்கள்.

என்ன வாங்குவது

என் வரிசை இதுதான்: ரப்பர் முதலில், ஷாக் அடுத்தது, ஸ்பிரிங் கடைசி. உடையாத, துரு தின்னாத ஒரிஜினல் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதில்லை.

‘பாலி’ புஷ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாலியூரித்தேன் நீடித்து உழைக்கும், வண்டியும் இறுக்கமாக இருக்கும். ஆனால் பின்பக்க டிரெய்லிங் ஆர்ம் (பின் அச்சை முன்னாலிருந்து பிடிக்கும் கை) புஷ் பல திசையில் முறுக்கிக் கொடுக்க வேண்டியது. அங்கே கெட்டியான பாலி போட்டால் அச்சு விறைத்துக்கொள்ளும், கிறீச் சத்தம் வேறு. ரப்பரே போதும்.

அடுத்தது, வண்டியைத் தாழ்த்தும் ஆசை. கிரைண்டர் வைத்து ஒரு சுற்று ஸ்பிரிங்கை வெட்டுவது நம்மூர் வழக்கம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், அது இயற்பியல். கம்பியின் தடிமன் வெறும் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடிவிடும். இப்படி ஸ்பிரிங் விஷயத்தில் சின்ன மாற்றமே பெரிதாகப் பேசும். வெட்டிய நுனி சீட்டில், அதாவது ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில், ஒழுங்காக உட்காராது, பள்ளத்தில் வீல் ஏறி இறங்க இடமும் இருக்காது. கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி அமுக்குவது இன்னும் மோசம், ஸ்பிரிங்கின் பதமே போய்விடும். சட்டச் சிக்கலும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 15 வருஷம் தாண்டிய டிஎன் 23 (வேலூர் பதிவு) வண்டியை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்ப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்கிறதே என்றால், அதற்கு மருந்து புது ஷாக்கும் புது ஸ்டெபிலைசர் புஷ்ஷும்தான்.

கடையில் ‘ஷாக் ஒண்ணு குடுங்க’ என்று கேட்காதீர்கள். “பாய், ஃப்ரண்ட் ஸ்ட்ரட் ஜோடியா வேணும், மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் எல்லாம் சேத்துக் குடுங்க” என்று கேளுங்கள். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் வண்டி வளைவில் ஒரு மாதிரி, பிரேக்கில் ஒரு மாதிரி நடக்கும். இங்கே கிடைக்காததற்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது, பெங்களூர் ஜே.சி. ரோடு இருக்கிறது. வேலூர்க்காரனுக்கு இரண்டும் ஒரே ஹைவேயில். ஆனால் பழைய மார்க்கெட்டில் லோயர் ஆர்ம் வாங்கலாம், ஷாக் வாங்காதீர்கள்.

முன்பக்கம் கழற்றுவது

முந்தின இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஆயிலைத் தெளித்துவிடுங்கள். வீல் நட்டைத் தரையிலேயே தளர்த்தி, பின் வீலுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல் வேண்டாம், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடவும் வேண்டாம்.

பிரேக் ஹோஸை ஸ்ட்ரட் பிராக்கெட்டிலிருந்து விடுவியுங்கள். நக்கிளோடு (வீல் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கழற்றுமுன் அவை உட்கார்ந்த இடத்தைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள், கேம்பர், அதாவது வீல் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும். பிறகு பானட்டுக்கு அடியில், ஸ்ட்ரட்டின் மேல் நுனியை பாடியோடு பிடிக்கும் மவுண்ட்டைச் சுற்றியிருக்கும் சின்ன நட்டுகளை மட்டும் எடுங்கள். நடுவிலிருக்கும் பெரிய நட்டில் கை வைக்கவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பதே அதுதான்.

ஸ்ட்ரட் வெளியே வந்ததும் ஸ்பிரிங் கம்ப்ரசரை (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) எதிரெதிராக மாட்டி, இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பிரிங் சீட்டில் லூசாகி, கையால் அசைத்தால் ஆடும் நிலை வந்த பிறகுதான் நடு நட்டு. நல்ல கம்ப்ரசர் கையில் இல்லையா? ஸ்ட்ரட்டை அப்படியே பையில் போட்டு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போய் இந்த ஒரு வேலையை மட்டும் கூலிக்குச் செய்துகொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் படுக்க வைத்திருந்த புது ஷாக்கை நேராகப் பிடித்து, முழுசாக நாலைந்து முறை இழுத்து அமுக்குங்கள். உள்ளே ஏறிய காற்று வெளியேறும். ஸ்பிரிங் நுனி கீழ் சீட்டின் பள்ளத்தில் முட்டி நிற்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தபின் நட்டைப் போடுங்கள்.

புஷ், இங்கேதான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள்

பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்காதீர்கள். பெரிய வைஸும் இரண்டு சாக்கெட்டும் இருந்தால் வீட்டிலேயே தள்ளலாம். இல்லாவிட்டால் லேத் பட்டறை பிரஸ். உள்ளே நுழைக்கச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

ஆர்மை மாட்டியதும் போல்ட்டை முழுசாக இறுக்கத்தான் கை துறுதுறுக்கும். நிறுத்துங்கள். இந்த வகை புஷ்ஷில் உள் குழாயோடு ரப்பர் ஒட்டியிருக்கிறது. போல்ட் இறுகியதும் உள் குழாய் நகராது, ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. வீல் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியை இறக்கிய நொடியிலிருந்து, சும்மா நிற்கும்போதுகூட, அது முறுக்கிக்கொண்டேயிருக்கும். புது புஷ் சில மாதத்தில் கிழிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பழி மட்டும் கடைக்காரருக்கு.

அதனால் கையிறுக்கத்தில் விட்டு, வீலை மாட்டி, வண்டியின் முழு எடையும் டயரில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கம் கொடுங்கள். அடியில் நுழைய இடமில்லை என்றால், ஸ்டாண்டில் இருக்கும்போதே ஆர்மின் வெளி நுனியில் ஜாக்கி கொடுத்து, முதலில் அளந்து எழுதிய உயரத்துக்கு வீல் நடுவைக் கொண்டுவந்து இறுக்கலாம். இறுக்கும் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே செய்யுங்கள். பால் ஜாயின்ட்டைத் தொட்டிருந்தால் அங்கே ஸ்ப்ளிட் பின் இருந்த இடத்தில் புது பின் போடுங்கள்.

பின்பக்கம்

இது சுலபம். ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்த பிறகே ஷாக் போல்ட்டைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அச்சு தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். டிரெய்லிங் ஆர்முக்கும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் லேட்டரல் ராடுக்கும் மேலே சொன்ன அதே விதி: எடை டயரில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம்.

ரோட்டுக்குப் போகும்முன்

பிரேக் ஹோஸ் முறுக்கியிருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். பக்கத்துத் தெரு ஸ்பீட் பிரேக்கர் ஒன்றிரண்டில் மெதுவாக ஏற்றி இறக்கிச் சத்தம் கேளுங்கள். அப்படியே நேராக அலைன்மென்ட் கடைக்கு ஓட்டுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றினாலே டோ (மேலிருந்து பார்த்தால் முன் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறியிருக்கும், அதோடு சுற்றினால் முன் டயர் ஓரம் தேய்ந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை டார்க் ரெஞ்சில் சரிபாருங்கள், உயரத்தையும் மறுபடி அளந்து பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள்.