கொங்கிறீட்டில் புதைத்த டெக் தூணை அறுக்காதீர்கள், கிளப்புங்கள்

வீட்டோடு ஒட்டிய பழைய மரத்தளத்தை, அதாவது டெக்கைக் கழற்றும்போது பலர் முதல் வேலையாகத் தூண்களை நிலமட்டத்தோடு அறுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கீழே இருக்கும் கொங்கிறீட்டைப் பிடித்துத் தூக்குவதற்கு அந்த மரம்தான் கைபிடி. பலகை, வளை எல்லாவற்றையும் கழற்றுங்கள், தூணில் மட்டும் 3 அடி விட்டுவையுங்கள்.

ஒன்ராறியோவில் இருப்பவர்கள் மண்வெட்டியை எடுக்குமுன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவிக்க வேண்டும். சட்டப்படி கட்டாயம், காசு இல்லை. நிலத்துக்குக் கீழே ஓடும் எரிவாயுக் குழாய்க்கு மஞ்சள், மின்சார வயருக்குச் சிவப்பு என்று நிலத்தில் அடையாளம் போட்டுத் தருவார்கள். ஆனால் மீற்றருக்கு இப்பால் வீட்டுக்காரர் தனியாக இழுத்தவை, பார்பிக்யூவுக்குப் போகும் காஸ் குழாய், கராஜுக்குப் போகும் வயர் போன்றவை, பொதுவாக அதில் வராது. டெக் ஓரமாக ஓடுவதே பெரும்பாலும் இவைதான் என்பதால் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எடை எவ்வளவு? ரொறன்ரோ பக்கம் பனிக்காலத்தில் நிலம் உறையும் ஆழத்தைக் கணக்கில் வைத்து அத்திவாரத்தை 4 அடி இறக்குவார்கள். 10 அங்குல விட்டம் என்றால் கொங்கிறீட் மட்டும் ஏறக்குறைய 150 கிலோ, 12 அங்குலம் என்றால் 200 கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் மண்ணின் பிடி வேறு. குழாய் அச்சு வைக்காமல் குழிக்குள் நேராக ஊற்றியிருந்தால் பக்கமெல்லாம் கரடுமுரடாகி இன்னும் இறுக்கமாக நிற்கும்.

ஆகவே முதலில் பிடியைத் தளர்த்துங்கள். சுற்றிவர ஒரு சாண் அகலத்தில், ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் அலவாங்கால் மண்ணைக் குத்தி இளக்கி, தூணைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். இங்கே களிமண் ஆகஸ்டில் கல்லாகிவிடும், பனி கரைந்த பிறகு வசந்தத்தில் செய்தால் பாதி வேலை மிச்சம்.

அப்புறம் தூக்குவதற்கு ஜக். நான் நம்புவது 48 அங்குல ஃபார்ம் ஜக்கைத்தான் (நெட்டையான இரும்புத் தண்டில், பிடியை அடிக்க அடிக்கப் படிப்படியாக மேலே ஏறும் தூக்கி), வாடகைக்கும் கிடைக்கும். தடித்த பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் ஜக்கை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கொங்கிறீட் மேலே வராமல் ஜக்தான் கீழே போகும். தூணின் அடியில் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, வழுக்காமல் இருக்க அதற்கு மேலே ஒரு மரக்கட்டையைத் தடித்த திருகாணிகளால் இறுக்கி, சங்கிலியை ஜக்கில் மாட்டி மெதுவாக ஏற்றுங்கள். சரிந்தால் நிறுத்தி, மறுபக்கம் மாற்றுங்கள். ஜக்கின் பிடி எகிறித் தாடையை உடைக்கும் பலம் உள்ளது, முகத்தை அதற்கு நேரே ஒருபோதும் கொண்டுபோக வேண்டாம். குழிக்குள் கையும் வேண்டாம். வெளியே வந்ததைத் தூக்கப் பார்க்காமல் பலகையில் உருட்டுங்கள்.

மரம் உக்கிப்போயிருந்தால் சங்கிலியைக் கொங்கிறீட்டிலேயே சுற்ற வேண்டிவரும், அதற்கு இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். அந்த இடத்தில் புதுத் தூண் வராது என்றால் மேலே ஒரு அடியை மட்டும் உடைத்தெடுத்து மண் போட்டு மூடிவிடலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

2004க்கு முன் கட்டிய டெக் என்றால் அந்த மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அறுக்கும்போது முகமூடி போடுங்கள், மிச்சத்தை அடுப்பிலோ முற்றத்திலோ எரிக்கவே எரிக்காதீர்கள்.