குளிர் மலையில் ஹைட்ரஜன்: கசிவைத் தேடும்போது நேரும் தவறுகள்

பாரம்பரிய மலைப்பாதைகளில் 35 ஹைட்ரஜன் ரயில்களை ஓட்டும் திட்டத்தை 2023-இல் ரயில்வே அறிவித்தது முதல் நீலகிரியில் இந்த வாயுவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ரயில் வரும்போது வரட்டும். வாயுப் பகுப்பாய்வுக் கருவி வைத்திருக்கும் ஆய்வகங்களில் ஹைட்ரஜன் எப்போதோ புழக்கத்துக்கு வந்துவிட்டது. சமவெளிக்கு எழுதிய கையேட்டை அப்படியே மலையில் கடைப்பிடித்தால் சில இடங்களில் அது நம்மை ஏமாற்றும். முக்கியமாக, அழுத்தச் சோதனையில்.

மாலையில் குழாயில் 100 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் ஏற்றி வால்வை மூடிவிட்டு, விடிந்ததும் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்ப்பது வழக்கம். ஊட்டியில் ஜனவரி மாதம் மாலை 20 டிகிரி இருந்து, விடியற்காலை உறைபனியோடு பூஜ்யத்துக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளிகூடக் கசியாவிட்டாலும் கேஜ் ஏறத்தாழ 93 பார்தான் காட்டும். குளிர்ந்த வாயுவின் அழுத்தம் குறைவது இயற்கை. இதைக் கசிவு என்று எண்ணி ஒவ்வொரு நட்டையும் முறுக்கத் தொடங்கினால், நன்றாக இருந்த இணைப்புகளும் கெடும்.

இதைவிட ஆபத்தானது மறுபக்கம். விடியற்காலையில் பூஜ்ய டிகிரியில் 100 பார் ஏற்றி, வெயில் வந்து குழாய் 20 டிகிரியை எட்டியபின் பார்க்கும்போது முள் 101-இல் நிற்கிறது. ‘இறங்கவில்லை, கசிவில்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். உண்மையில் அது 107-ஐ எட்டியிருக்க வேண்டும். குறைந்த ஆறு பார் எங்கோ வெளியேறிவிட்டது. எனவே அழுத்தத்தோடு வெப்பநிலையையும் எழுதுங்கள். வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள். தெளிந்த வானத்தின் கீழ் இரவில் குழாய், காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். நைட்ரஜனை ஏற்றிச் செய்த சோதனையில் தேறிய இணைப்பு ஹைட்ரஜனிலும் தேறும் என்று நம்புவதும் தவறு. ஹைட்ரஜனைப் போலவே நுண்ணிய இடுக்கிலும் நுழையும் ஹீலியம் கலந்த வாயுவால் இறுதிச் சோதனையைச் செய்வதே சரி.

சோப்பு நுரையும் மலையில் கவனம் கேட்கும். குளிரில் கரைசல் உறையலாம். குழாயில் பனி ஈரம் படிந்திருந்தால் சிறு குமிழி கண்ணுக்குத் தப்பும். துணியால் துடைத்துவிட்டுப் பூசி, பொறுமையாகக் காத்திருங்கள். வீட்டுச் சோப்புத்தூள் வேண்டாம். அதில் உள்ள உப்பு துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கக்கூடும்.

இனி இணைப்புகள். இரட்டை ஃபெரூல் இணைப்பில் (நட்டுக்குள் இருக்கும் இரண்டு உலோக வளையங்கள் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இணைப்பு), கையால் இறுக்கியபின் நட்டில் ஆறு மணி நிலையில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஸ்பேனரால் ஒரு முழுச் சுற்று சுற்றி, கோடு ஒன்பது மணிக்கு வந்ததும் நிறுத்துங்கள். கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரையான குழாய்களுக்கு இந்த ஒன்றேகால் சுற்றுதான் கணக்கு. கை வலிக்க இறுக்கினால் நல்லது என்ற எண்ணம் குழாயை நசுக்கும். ஒரு நிறுவனத்தின் நட்டில் இன்னொரு நிறுவனத்தின் ஃபெரூலைப் போடுவதும், இந்த இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் கூடாது. இங்கே உலோகமே உலோகத்தை அடைக்கிறது. டேப்பின் துணுக்குகள் ரெகுலேட்டருக்குள் போய்ச் சிக்கும். அழுத்தம் இருக்கும்போது எந்த நட்டையும் தொடாதீர்கள். ஹைட்ரஜன் சிலிண்டரின் நட்டு இடப்பக்க மரை கொண்டது. வலப்பக்கம் திருப்பி இறுக்க முயன்று மரையைக் கெடுத்துவிட வேண்டாம்.

குறைவாக இறுக்குவதும் உயிர்ப் பிரச்சினைதான். நார்வேயின் சாண்ட்விகாவில் 2019 ஜூன் 10 அன்று ஒரு ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் அடைப்பானில் உள்ளே இருந்த போல்ட்டுகளை உரிய அளவுக்கு முறுக்காததே காரணம். சிறிதாகத் தொடங்கிய கசிவு, ‘சீல்’ என்னும் அடைப்புப் பகுதியை அரித்துப் பெரிதானது.

வாயுவை அழுத்தும் கம்ப்ரசரில், பிஸ்டன் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் நாளடைவில் தேயத்தான் செய்யும். அதில் கசியும் வாயுவைத் தனிக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். குளிர்காற்று வருகிறது என்று அந்தக் குழாயின் வாயில் துணி அடைத்தால், வாயு அறைக்குள் திரும்பும். இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் குளிரில் விறைத்துவிடும். விடிந்தவுடன் முழு அழுத்தத்துக்கு ஏற்றாமல் அறை சற்றுச் சூடான பின் இயக்குங்கள். அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவதும் தவறு. ரப்பருக்குள் ஊறியிருக்கும் வாயு ஒரேயடியாக விரிந்து, ரப்பர் கொப்பளித்து வெடிக்கும்.

ஹைட்ரஜன், காற்றைவிடச் சுமார் 14 மடங்கு இலேசானது. நிறமோ மணமோ கிடையாது. சமையல் எரிவாயு தரையில் தேங்கும் என்ற பழக்கத்தில், கசிவைக் கண்டறியும் உணரியைக் கீழே வைத்தால் பயனில்லை. மலைக் கட்டடங்களில் தகரக் கூரைக்கும் அதற்குக் கீழுள்ள மரப்பலகை உட்கூரைக்கும் இடையே உள்ள காலியிடத்தில்தான் அது போய் ஒளியும். உணரியைக் கூரையின் உச்சியில் வையுங்கள். முகட்டில் ஒரு திறப்பு ஆண்டு முழுவதும் திறந்தே இருக்கட்டும். ஜன்னல்களைச் சாத்திவைக்கும் ஊரில் இது சிரமம்தான், ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியாது.

காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தாலே ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். மிகச் சிறிய தீப்பொறி போதும், பகலில் அந்தச் சுடர் கண்ணுக்கும் தெரியாது. அலாரம் ஒலித்தால் பதறி உள்ளே ஓடி எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைப் போடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, கட்டடத்துக்கு வெளியே இருக்கும் வால்வை மூடுங்கள். அப்படியொரு வால்வு வெளியே இல்லையென்றால், அலாரம் ஒலிக்கும் நாளுக்குக் காத்திராமல் முதலில் அதைப் பொருத்துங்கள்.